நாலு மணிக்குப் பாடிய ரேடியோ

பொருட்காட்சியில் கடை போடுவதால் உண்டாகும் நன்மைகளைப் பற்றி நான் ஒரு காலத்தில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். அது அச்சில் வரவில்லை. படித்தவர் என் முதலாளி ஒருவர்தான். அவரும் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, "சாமி, மிச்சத்தை வாயால சொல்லும்" என்றார். அதில் நான் எழுதியதெல்லாம் உண்மை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நன்மையும் எழுதின மாதிரியே வந்து சேர்ந்தது. அதுதான் சங்கடம். ஒன்றிரண்டாவது வராமல் இருந்திருந்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை எழுதும்போது என் காது சுட்டுக்கொண்டிருக்காது.

யுத்தம் தொடங்குவதற்கு முன் கிடைத்த கடைசி நிம்மதியான வருஷங்களில் ஒன்று அது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ரேடியோக் கடையில் எனக்கு உத்தியோகம். சீமைக் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது நான். வருகிறவர்களிடம் ரேடியோவின் பெருமையைப் பேசுவதும் நான். முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர். சைக்கிள் வியாபாரத்திலிருந்து ரேடியோவுக்கு வந்தவர். சைக்கிளில் அவருக்குத் தெரியாத சமாசாரம் கிடையாது. ரேடியோவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது சைக்கிளைவிட விலை அதிகம் என்பதுதான். பெட்டிக்கு உள்ளே இருக்கும் வால்வு, கம்பி எல்லாம் மெக்கானிக்கின் ராஜ்யம். ஆக நாங்கள் மூன்று பேர். ஊரில் ரேடியோ வாங்கக்கூடியவர்கள் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவர்களிலும் பாதிப்பேர் கடைப்படி ஏறுவதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள்.

அப்போதுதான் அந்த வருஷத்துப் பொருட்காட்சிக்கு அறிவிப்பு வந்தது. எப்போதும் பலாப்பழமும் கயிறும் தந்த வேலையும் வைக்கும் இடத்தில் இந்தத் தடவை ரேடியோவுக்கென்று தனி வரிசை ஒதுக்கியிருந்தார்கள். திருவனந்தபுரத்துக்கே ஓர் ஒலிபரப்பு நிலையம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். சீமையிலிருந்து பெட்டிகளோடு வரும் வியாபாரப் பத்திரிகைகளை விளம்பரம் உட்பட முழுக்கப் படிக்கிறவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். அந்தப் படிப்பின் பலன்தான் ஐந்து பக்கம். கடைக்குள் காலெடுத்து வைக்கக் கூசுகிறவன் பொருட்காட்சியில் கூச மாட்டான்; சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜனங்களுக்கு என்ன சந்தேகம் என்பதைக் கடையில் நாலு வருஷம் உட்கார்ந்து தெரிந்துகொள்வதைவிட அங்கே நாலு நாளில் தெரிந்துகொள்ளலாம். போட்டிக் கடைக்காரன் என்ன வைத்திருக்கிறான் என்று ஆள் விட்டுப் பார்க்க வேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகவே போய்ப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் போய் வாசலில் காத்து நிற்க வேண்டிய பெரிய மனிதர்கள் தாமாக நம் வாசலுக்கு வருவார்கள். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அடியில் கோடு போட்டிருந்தேன்.

"நிலையத்துக்காரன் வருவானா?" என்று கேட்டார் முதலாளி.

"வராமல் எப்படி? திட்டம் எழுதறதுக்காக மெட்ராஸிலேருந்து ஒரு ஆபீஸரை அனுப்பியிருக்கா. வந்து பத்து நாளாச்சு."

"அப்பொ, கடையைப் போட்டிருவோம்வே."

ஐந்து பக்கத்தில் நான் எழுத மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. பொருட்காட்சி மூன்று மணிக்குத் திறக்கும். பகல் வெளிச்சத்தில் எந்த நிலையமும் எங்கள் ஊருக்கு ஒழுங்காகக் கேட்காது. மெட்ராஸ் நிலையமோ சாயங்காலம்தான் வாயைத் திறக்கும். ஆகவே முதல் நாள், கூட்டம் அலைமோதும் நேரத்தில், எங்கள் கடையில் எட்டு அழகான மரப்பெட்டிகள் மௌன விரதத்தில் உட்கார்ந்திருந்தன. ஒருவர் மேலே தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டித் தடியோ, தேக்கோ?" என்று மரத்தின் ஜாதியை விசாரித்தார். பக்கத்து இரண்டு ரேடியோக் கடைகளிலும் கிராமபோனைச் சுழல விட்டுச் சமாளித்தார்கள். எங்களிடம் இருந்த இசைத்தட்டுக்கள் ஏழு. அதில் இரண்டு கீறல்.

இருந்தாலும் நன்மைகள் வரத்தான் செய்தன. வித்துரா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மானேஜர், மலையில் மின்சாரம் இல்லையே, பாட்டரியில் பாடுகிற பெட்டி உண்டா என்று கேட்டார். நாங்கள் அதை யோசித்ததே இல்லை. துலா மாதத்து இடி ஏரியல் மூங்கிலில் விழுந்தால் வீட்டுக்கு வருமா, பெட்டியோடு போய்விடுமா என்று பதினேழு பேர் கேட்டார்கள். தீட்டுக் காலத்தில் ரேடியோ கேட்கலாமா என்று ஒரு பாட்டியார் கேட்டதற்கு மட்டும் சீமைப் பத்திரிகைகளில் பதில் இல்லை.

மெக்கானிக்தான் வழி கண்டுபிடித்தான். ரேடியோவின் முதுகுப்பக்கம் கிராமபோனை இணைப்பதற்கென்று இரண்டு துளை உண்டு. "ஸாரே, அந்தத் துவாரத்துல ஒரு மைக்கைக் கொடுத்தா, உள்ள இருந்து ஆர் பேசினாலும் பெட்டி பேசும்" என்றான். சொன்னதோடு நிற்காமல் கரித்தூள் அடைத்த ஒரு பழைய மைக்கை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியும் விட்டான். கடையின் பின்புறம் பச்சைத் திரை தொங்கியது. முதலாளி அதன் பின்னால் போய், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். பெரிய பெட்டி கணீரென்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்றது. முப்பது பேர் கூடிவிட்டார்கள். பதினைந்து எண்ணுவதற்குள் இருபத்தைந்து பேர் போய்விட்டார்கள்.

முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இதுக்கு மேல எனக்குப் படிப்பு இல்ல. பாடத் தெரிஞ்ச ஆளு வேணும், சாமி."

"எங்காத்துலேயே இருக்கா" என்றேன்.

அப்படிச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. இதையும் குறித்து வைக்கிறேன், பிற்பாடு நடந்ததைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்பதால்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு பாகவதரிடம் நாலு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்தோடு பாட்டு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தொடரச் சொல்லவும் இல்லை. ஒரு தடவை கடையிலிருந்து பழுது பார்த்த பெட்டி ஒன்றைச் சோதிப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். மெட்ராஸில் யாரோ ஓர் அம்மாள் பாடினாள். இவள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள். "இந்த மாதிரிப் பாடறவாளையெல்லாம் எப்படித் தேடிப் பிடிக்கறா?" என்று கேட்டாள். நான் வால்வு என்றால் என்ன, ஏரியல் எதற்கு என்று அரைமணி நேரம் விளக்கினேன். பெண்களும் கலைகளும் என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவன் நான். அவள் கேட்டது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று ராத்திரி ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் விஷயத்தைச் சொன்னேன்.

"யாரும் பாக்க மாட்டாளா?"

"திரை இருக்கு. பின்பக்கமா வந்து பின்பக்கமாவே போயிடலாம்."

"யாருக்கும் தெரியாதா?"

"முதலாளிக்கும் மெக்கானிக்குக்கும் தெரியும். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அப்போ பாடி என்ன பிரயோஜனம்?"

அவளே யோசித்து ஒரு நிபந்தனை போட்டாள். "அந்த ஸ்டேஷன் மனுஷர் வருவார்னு சொன்னேளே. அவர் யார் பாடறதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லணும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அவர் ஒருத்தருக்கு. அவா ஸ்டேஷன் வந்தா பாடறதுக்கு ஆள் வேணுமோன்னோ?"

"பேஷா சொல்றேன்."

"சொல்லுவேளா?"

"சொல்றேன்னுதானே சொல்றேன்."

"யோசிக்காமச் சொல்றேளே, அதான் பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அரிசி களைகிறபோதே சாதகம் தொடங்கிவிட்டது. மூன்று மணிக்கு முன்னாலேயே பின்பக்கமாக வந்து, திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் கூஜாவில் தண்ணீரோடு உட்கார்ந்தாள். தகரக் கூரை. வெயில் அப்படியே இறங்கியது. கரித்தூள் மைக் கொஞ்ச நேரத்தில் மந்தித்துப்போகும். குரல் மங்கினால் விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிக்கொடுத்தான். அவள் தட்டும்போதெல்லாம் பெட்டி 'டொக்' என்றது. "மெட்ராஸ்ல மழை போல இருக்கு, இடிக்கறது" என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொன்னார்.

மெட்ராஸ் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களாக நினைத்தார்கள். நாங்கள் அவர்களுடைய நினைப்பில் குறுக்கிடவில்லை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பக்கத்துக் கடைக் கிராமபோன்கள் ஓய்ந்துபோய், அந்தக் கடைக்காரர்களே எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். முன்வரிசைப் பெஞ்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் எங்கள் எதிராத்து மாமா. ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். பன்னிரண்டு வருஷமாக எங்களுக்கு நேர் எதிர் வீட்டில் இருப்பவர். கீரைக்காரியிடம் என் மனைவி பேரம் பேசுவதைத் தினமும் காலையில் கேட்கிறவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

"ஓய், இது மெட்ராஸ்காரியாக்கும். அந்தக் கம்பீரத்தைக் கேட்டீரா? நம்ம தெருப் பொம்மனாட்டிகளுக்கு ஏழு ஜன்மம் எடுத்தாலும் வருமோ?"

"வராது மாமா" என்றேன்.

பாட்டு ஓர் இடத்தில் லேசாகக் குலுங்கியது. திரைக்குப் பின்னால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "கமகம்!" என்றார் மாமா.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் இருந்த உற்சாகத்தை நான் கல்யாணம் ஆன புதிதில்கூடப் பார்த்ததில்லை. மாமா பேசினதைப் பேசிக்காட்டினாள். மறுநாளைக்கு என்ன பாடுவது என்று வழியெல்லாம் யோசித்தாள். கோட்டை வாசலைத் தாண்டும்போது, "அவர் நாளைக்கு வருவாரோன்னோ?" என்றாள். வருவார் என்றேன்.

வந்தார். மூன்றாம் நாள் நாலு மணி இருக்கும். வெள்ளைக் கோட்டு, கையில் சின்ன நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் கடைக்கு முன்னால் நின்றார். பெரிய மனிதர் தாமாக வாசலுக்கு வந்துவிட்டார். அவள் பத்மநாப சுவாமி மேல் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தாள். அவர் பாட்டு முடிகிறவரைக்கும் நகராமல் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி என் முழங்கையை இடித்தார்.

"இது எந்த ஸ்டேஷன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அதிகாரி.

எனக்கு முன்னால் எதிராத்து மாமா சொல்லிவிட்டார். "மெட்ராஸ்! வேற எங்கே இப்படிக் கேக்கும்?"

"மெட்ராஸ் இந்த நேரத்துல மூடியிருக்குமே" என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டே. கோபம் துளியும் இல்லை. வித்தை புரிந்துபோன மனிதரின் சிரிப்பு. திரையைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி, "உள்ளே பாடறது யாரு?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய மனிதர், கேட்க வேண்டிய வார்த்தைகளிலேயே கேட்டார். நான் ஐந்து வார்த்தை சொன்னால் போதும். மாமா தொடையில் தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க என்ன பேச்சு ஓடும் என்பது எனக்கு அச்சடித்த மாதிரி தெரிந்தது. பொருட்காட்சியில் பெண்டாட்டியைப் பாடவைத்துப் பெட்டி விற்கிறான். பெண்களையும் கலைகளையும் பற்றி எழுதியவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ரிக்கார்டு, ஸார்" என்றேன்.

"ரிக்கார்டா? நடுவுல மூச்சு வாங்கினாங்களே."

"பழைய ரிக்கார்டு."

பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு வழி திறந்து வைத்தார். "இந்த ஊர்ல பாடறவங்க லிஸ்ட் ஒண்ணு தயார் பண்ணிட்டிருக்கேன். லேடீஸ் பேரு ரெண்டுதான் கிடைச்சிருக்கு. இந்தக் குரலைச் சேர்த்துக்கணும். ரிக்கார்டுல பேரு போட்டிருக்குமே, காட்டுங்க. எழுதிக்கறேன்."

"லேபிள் கிழிஞ்சுபோச்சு, ஸார்."

நோட்டுப் புத்தகத்தை மூடினார். "சரி. யாராயிருந்தாலும் ரொம்ப நல்லாப் பாடறாங்கன்னு ரிக்கார்டுகிட்டச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. பெரிய பெட்டியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஒரு முழு மூச்சு. ஏற்றமும் இறக்கமுமாக, கடை முழுக்கக் கேட்கும்படி. "ரிக்கார்டு முடிஞ்சுடுத்து" என்றார் மாமா. அதற்குப் பிறகு பெட்டி ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல் கீறல் விழுந்த தட்டு ஒன்றை எடுத்துச் சுழல விட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளியிடம் போனேன். கடையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவர் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு நானும் என்னைத் தேற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

"உள்ளதைச் சொன்னா என்னவே?" என்றார் அவர். "அம்மாதான் பாடுகான்னு சொல்லியிருந்தா இன்னும் நூறு பேரு வந்திருப்பான். நான் சொல்லுகதுக்கு வாயைத் தொறந்தேன். நீரு ரிக்கார்டுன்னுட்டீரு. உம்ம வீட்டுக் காரியம், நான் எப்பிடிச் சொல்ல?"

தேற்றிக்கொள்ள இருந்த ஒரே இடமும் அத்தோடு போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் பேசினேன். மாமா உட்கார்ந்திருந்தது, தெரு வாய், திடீரென்று கேட்டதில் நாக்குக் குழறியது என்று கோட்டை வாசல் வரை பேசினேன். அவள் இரண்டடி பின்னால் கூஜாவை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரிக்கார்டுன்னேளே, எந்தக் கம்பெனி?"

மறுநாள் கடைசி நாள். "இன்னிக்கு நான் வரலை" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். அதிகாரி ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஏழு தட்டுக்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். "எங்கே ஓய் மெட்ராஸ்காரி?" என்று மாமா பெஞ்சியிலிருந்து கால் மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். பின்பக்கமாக இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக, எதிராத்து மாமியோடு, எல்லாரையும் போலக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் கடைக்கு நேரே, கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். எங்கள் தெருவில் ஒரு பெண் புருஷனை நாலு பேர் முன்னிலையில் கூப்பிட்டுப் பேசுகிற வழக்கம் கிடையாது. அவள் கூப்பிட்டாள், கடைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி.

"ஸார், நேத்திக்கு இந்தப் பெட்டியிலே பாடினது யாரு?"

தட்டு முடிந்து ஊசி கரகரத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதைத் தூக்கினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் ஆத்துக்காரி" என்றேன்.

முதலில் சிரித்தவர் மாமா. "கொள்ளாம்! ஓய், கச்சவடம் பண்ணினா இப்படியாக்கும் பண்ணணும்! மெட்ராஸ்காரியைக் கூசாம ஆத்துக்காரியாக்கிட்டீரே!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. "சத்தியமா மாமா" என்றேன். சிரிப்பு இன்னும் பலத்தது. முதலாளி, "உள்ளதாக்கும், உள்ளதாக்கும்" என்று கையைத் தூக்கினார். அதற்கும் சிரித்தார்கள். முந்தின நாள் சொன்ன பொய்யை எந்தச் சிரமமும் இல்லாமல் நம்பியவர்கள் இவர்கள்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பாட ஆரம்பித்தாள். நின்ற இடத்திலேயே, மைக் இல்லாமல். முந்தின நாள் பாடிய அதே கீர்த்தனை.

ஒருத்தர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். மாமா பெட்டியை நோக்கிக் கையை நீட்டி, "வந்துட்டா, பாத்தேளா!" என்றார். நானாவது அவளைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். ஆனால் என் கை என்னைக் கேட்காமல் பெரிய பெட்டியின் திருகைப் பிடித்து, சத்தத்தைக் குறைப்பதற்காக இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியில் அப்போது சத்தமே இல்லை. பாடிக்கொண்டே அவள் என் கையைப் பார்த்தாள்.

மாமிதான் முதலில் திரும்பிப் பார்த்தவள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாமாவின் நீட்டிய கை பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அவள் பல்லவியை முடித்துவிட்டு, "வாங்கோ மாமி, பலாப்பழம் பாக்கலாம்" என்று போய்விட்டாள்.

தெரு என்ன சொல்லும் என்று பயந்தேனே, தெரு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாமி தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, இவளுக்கு நாலு பாட்டுச் சொல்லிக்கொடு என்று கேட்டாள். மாமா என்னிடம் மட்டும், "முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ ஓய், தெருப் பொம்மனாட்டிகளைப் பத்தி அப்படிப் பேசியிருக்க மாட்டேனே" என்று ஒரு வாரம் வருத்தப்பட்டார். நான் யாருக்குப் பயந்தேனோ அவரே என்னைவிட நல்ல மனிதராக இருந்தது எனக்கு அவ்வளவு சௌகரியமாக இல்லை.

அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இங்கிலீஷில், ஒன்றையும் மறைக்காமல். ரிக்கார்டு இல்லை, பாடியது என் மனைவி, பொய் சொன்னது நான், லிஸ்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கம். அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "எம் பேரு எங்கே வரது?" என்றாள். தேடிப் பார்த்தேன். 'என் மனைவி' என்று ஆறு இடத்தில் வந்திருந்தது. பேர் ஓரிடத்திலும் இல்லை. பேனாவை வாங்கி, கடிதத்தின் தலைப்பில் இருந்த காலி இடத்தில் தமிழில் தன் பேரைத் தானே எழுதினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவள் பேருக்கு வந்தது. தபால்காரர் அந்தப் பேரை வாசித்துவிட்டு, இந்த வீடுதானா என்று என்னைக் கேட்டார். மரியாதையான கடிதம். பாடுகிறவர்கள் ஜாபிதா மேலிடத்துக்குப் போய்விட்டது. நிலையம் தொடங்கும்போது கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் யுத்தம் வந்தது. நிலையம் தள்ளிப்போயிற்று. சில வருஷம் கழித்து அது வந்தபோது அதிகாரி வேறு, ஜாபிதா வேறு. மனு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். என் குரல் போயிடுத்து" என்றாள்.

குரல் போகவில்லை. கடைக்கு அந்தப் பொருட்காட்சியால் வந்த லாபங்களை முதலாளி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வித்துராவிலிருந்து மேலே உள்ள தோட்டங்களில் பாதிக்கு எங்கள் பாட்டரிப் பெட்டிதான். என் மனைவி மாமி பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பாடுகிறாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போவதுண்டு. பாடுவது யார் என்று கேட்டால் பேரைச் சொல்லத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.